ஒரு கிலோ மடிக்கணினி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "பதினஞ்சு, பதினாறாயிரத்துக்குச் சின்னதா லேப்டாப் விக்கிறாங்களாமே, பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் தறிக்காரர்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகக் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, கரையை உடலோடு இணைக்கும் கோர்வை போட ஓர் ஆளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு சேலையை அறுத்து இறக்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அந்தக் கூலியிலிருந்து பதினாறாயிரத்தை ஒதுக்குவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று தறி வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். அதனால் போகிற போக்கில் 'வாங்குங்க' என்றோ 'வேணாம்' என்றோ சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. உட்கார வைத்து, என்ன படிக்கப்போகிறாள், வீட்டில் வேறு கணினி இருக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் பேசுவேன். இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம், 2009இல் வாங்கி 2019 வரைக்கும் நான் பையில் வைத்துச் சுமந்த ஒரு குட்டி மடிக்கணினி.

அந்தச் சாதியை அப்போது நெட்புக் என்பார்கள். 2007 கடைசியில் தைவானின் ஏசூஸ் கம்பெனி 'ஈ பிசி' என்று ஒன்றை இறக்கியது. ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் கீழே எடை, உள்ளே லினக்ஸ். அதற்கு முன்னால் சின்ன மடிக்கணினி என்றால் பெரிய மடிக்கணினியைவிட விலை கூடுதலாக இருக்கும்; கம்பெனி அதிகாரிகள் கையில்தான் பார்க்கலாம். சின்னது மலிவாகவும் இருக்கலாம் என்று ஆனது அதற்குப் பிறகுதான். அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே, நூறு டாலரில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலமும் அதுதான். 2008 தொடக்கத்தில் நம் எச்.சி.எல். 'மைலீப்' கொண்டுவந்தது, பதினான்காயிரத்தை ஒட்டிய விலையில். அதே வருஷம் இன்டெலின் 'ஆட்டம்' சிப் வந்ததும் ஏசர், டெல், எச்.பி., சாம்சங், லெனோவோ என்று எல்லாரும் பத்து அங்குலப் பெட்டியோடு கடைக்கு வந்துவிட்டார்கள். மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே சமாசாரம் ஒன்றுதான்: 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆட்டம், ஒரு ஜிபி நினைவகம், 160 ஜிபி வட்டு, 1024-க்கு 600 புள்ளித் திரை. மலிவு விலையில் விண்டோஸ் எக்ஸ்பி வேண்டுமென்றால் நினைவகமும் வட்டும் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு கட்டியிருந்தது.

நான் அப்போது ஒரு பட்டுநூல் வியாபாரியிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்குக் கட்டுரை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சென்னைக்குப் போகிற வேலை இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்ததும் அப்பா தறியைவிட்டு எழுந்து வந்தார். "இன்னாடா இது, இம்மாத்தூண்டு கீது?" என்று கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

எங்கள் தொழிலில் எல்லாமே எடைதான். முதலாளி வீட்டில் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்து கொண்டுபோன சேலையைத் திரும்ப நிறுத்து வாங்குவார்கள். கணக்கு இடித்தால் கூலியில் கை வைப்பார்கள். அதனால் வீட்டிலேயே ஒரு தராசு உண்டு. அப்பா நெட்புக்கை அதில் வைத்தார். பேட்டரியோடு ஒரு கிலோ இருநூறு கிராமைத் தாண்டவில்லை. "ஜரிகை ஜாஸ்தி போட்ட முகூர்த்தப் பொடவை எடைதான்டா" என்றார். அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்ததை முகத்தில் பார்த்தேன். பின்னால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவரே எடுத்துக் காட்டுவார்.

திருமால்பூரிலிருந்து எங்கள் ஊர் வழியாகச் சென்னை கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில்தான் அது முதலில் தன் உபயோகத்தைக் காட்டியது. வாலாஜாபாத், பழையசீவரம், பாலூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் மறைமலை நகர்ப் பக்கமும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏறுவார்கள். செங்கல்பட்டு தாண்டினால் கை அசைக்க இடமிருக்காது. பதினைந்து அங்குல மடிக்கணினியை அந்தக் கூட்டத்தில் திறப்பது நடக்காத காரியம். இதை முழங்கால்மேல் திறந்து வைத்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலில் இடிக்காமல் ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிடலாம். அந்த வருஷங்களில் நான் எழுதியவற்றில் பாதி பாலாற்றங்கரை ஓரமாக ரயிலில் எழுதியவை.

ஆனால் அதைக் காப்பாற்றியது ரயிலைவிட மின்வெட்டுதான். 2008இலிருந்தே தமிழ்நாட்டில் வெட்டு தொடங்கிவிட்டது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். குழித்தறிக்குக் கரண்ட் தேவையில்லை. ஜன்னல் வெளிச்சம் இருக்கிற வரைக்கும் எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். கடைகளில் பில் போடுகிற கணினிகள்தான் ஊமையாகிவிடும். மேசைக் கணினியும் பழைய மானிட்டரும் சேர்ந்தால் நூறு வாட்டைத் தாண்டும். யூபிஎஸ் அரை மணியில் கத்த ஆரம்பித்துவிடும். ஆட்டம் சிப் அதிகபட்சம் உறிஞ்சுவது 2.5 வாட். கூடுதலாகக் காசு கொடுத்து ஆறு செல் பேட்டரியாகப் போட்ட பிறகு, காலையில் போன கரண்ட் மதியம் வருகிற வரைக்கும் அது தாக்குப்பிடித்தது. தீபாவளி நூல் கணக்கை முழுக்க அதில்தான் முடித்தேன். அந்த ஒரு வருஷத்திலேயே அதற்குக் கொடுத்த பணம் திரும்பிவிட்டது என்று இன்றைக்கும் சொல்வேன்.

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் டிசைன் போடுகிறவர். யானை, மயில்சக்கரம், இருதலைப்பட்சி, ருத்ராட்சம், மாங்காய் என்று கரைக்கும் முந்திக்கும் கிராஃப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பார். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். தாளில் ஒரு வரிசை என்றால் ஓர் அட்டை. நிரப்பிய கட்டம் என்றால் ஓட்டை; அந்த இடத்துக் கொக்கி தூக்கும்; அதன் கீழே கட்டியிருக்கும் பாவு இழை எழும்பும். எங்கள் பக்கத்து ஜக்கார்டு பெட்டிகளில் 240 கொக்கி வழக்கம். அப்படியென்றால் தாளில் குறுக்கே 240 கட்டம். ஒரு கட்டம் தப்பினாலும் மயிலின் கழுத்தில் ஓர் இழை தனியாக நிற்கும், சேலை முழுக்க, அந்த டிசைன் திரும்பி வருகிற ஒவ்வொரு இடத்திலும்.

ஒரு மழைநாளில் அண்ணன் நெட்புக்கை எடுத்து, எக்ஸ்பியோடு வருகிற பெயின்ட் மென்பொருளைத் திறந்தார். அதில் படத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் கட்டம் காட்டச் சொல்லலாம். ஒரு புள்ளி நாலுக்கு நாலு புள்ளியாக விரியும். 240-ஐ நாலால் பெருக்கினால் 960. திரையின் அகலம் 1024. கரை டிசைன் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டது; ஓரத்தில் நகர்த்துகிற பட்டைக்குக்கூட இடம் மிச்சம். அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய சந்தோஷம் இன்னும் கண்ணில் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் டிசைன் மென்பொருள்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். நெசவாளர் சேவை மையத்தில் கணினியில் டிசைன் போடுவதைப் பார்த்தும் இருந்தார். தன் வீட்டுத் திண்ணையில் அது நடக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

கஷ்டம் உயரத்தில் வந்தது. 600 புள்ளியில் மேலே மெனுவும் கீழே டாஸ்க்பாரும் நிறக்கட்டங்களும் போக, நூறு வரிசைக்குக் கொஞ்சம் மேலேதான் ஒரே பார்வையில் தெரியும். ஒரு கோபுரக் கரையோ நின்ற யானையோ அதற்குள் அடங்காது. யானையின் காலைப் போடும்போது தும்பிக்கை மேலே ஓடிவிடும். கிராஃப் தாளில் என்றால் எட்டி நின்று முழுசாகப் பார்க்கலாம். அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னப் பூ, மல்லிமொக்கு, ருத்ராட்சம் மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறவற்றை நெட்புக்கில் போடுவார். ஒரு தரம் போட்டுவிட்டால் நகல் எடுத்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போகலாம். பெரிய உருவங்களுக்குப் பழையபடி தாளும் பென்சிலும். மலிவான சின்னக் கணினி என்ன செய்யும், எங்கே நிற்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். அகலத்தில் அது எங்களை மதித்தது. உயரத்தில் கைவிட்டது.

எனக்கு வேறொரு இடத்தில் நெருக்கியது. நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவன். 1999இல் தமிழக அரசு நிர்ணயித்தது அது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ஆங்கிலத்தில் சதுர அடைப்புக்குறி இருக்கிற இரண்டு விசைகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந. ஒற்றை மேற்கோளில் ய. சாய்கோட்டில் ழ. நெட்புக் செய்தவர்கள் பத்து அங்குலத்துக்குள் விசைப்பலகையை அடக்க எதை நறுக்கினார்கள் தெரியுமா? சரியாக இந்த வலது ஓரத்து விசைகளைத்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அடைப்புக்குறி எப்போதோ ஒரு முறை தேவைப்படும். அது குறுகினால் அவருக்கு வலிக்காது. தமிழில் 'செய்தி', 'வந்தான்', 'வாழ்க்கை' என்று எழுதுகிற எனக்கோ வரிக்கு வரி அங்கே விரல் போக வேண்டும். என்னுடையதில் சாய்கோட்டு விசை மேல்நோக்கு அம்புக்குறியை ஒட்டி, பாதி அகலத்தில் இருந்தது. 'தமிழ்' என்று தட்டப்போனால் கர்சர் மேல்வரிக்கு ஓடிவிடும். விரல் பழகச் சில மாதங்கள் பிடித்தன. அந்த நாள்களில் எந்த மடிக்கணினி விமர்சனத்தைப் படித்தாலும் விசைப்பலகை அருமை என்றே எழுதியிருப்பார்கள். தமிழ் எழுதுகிற விரலுக்கு அருமையா என்று எழுத ஆள் இல்லை. இன்றைக்கும் அதிகம் இல்லை.

எக்ஸ்பியில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் வட்டார அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சொன்னால் விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். நெட்புக்கில் சிடி போடுகிற இடமே கிடையாது. நல்லவேளையாக வட்டுக்குள்ளேயே அந்தக் கோப்புகள் ஒரு மூலையில் இருந்தன. வழியைக் காட்டியதும் எடுத்துக்கொண்டது. அப்புறம் தமிழ் தட்டுவதற்கான என்.எச்.எம். ரைட்டரை நிறுவினேன். அன்றைக்கு இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2011 செப்டம்பர் 15 அன்று, எங்கள் ஊர்க்காரரான அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம் மாணவர்கள் என்று கணக்கு. நெட்புக் மோகம் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. அரசு மலிவான பத்து அங்குலத்தை மொத்தமாக வாங்கித் தள்ளிவிட்டிருக்கலாம்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யாமல் 14 அங்குலத் திரையோடு முழு அளவு மடிக்கணினி கேட்டு அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக ஆயிரம் பேசியிருக்கிறார்கள். மூடிமேல் போட்ட முதல்வர் படத்தைப் பற்றிப் பேசினார்கள், விற்றுவிடுகிறார்கள் என்று பேசினார்கள். திரையின் அளவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை. என் கணக்கில் அந்த முடிவுதான் திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி. ஏழைப் பிள்ளைக்குத்தானே என்று சின்னதைக் கொடுக்காமல் விட்டார்கள்.

சித்தி மகளுக்கு அடுத்த வருஷம் ஒன்று கிடைத்தது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அவள் தூக்கிக்கொண்டு அலையவில்லை. வீட்டில் ஒரு முக்காலிமேல் அதற்கென்று இடம் ஆனது. அதில் அவள் படித்தாள், சித்தப்பா நெசவாளர் சங்கத்துக் கூலிச் சீட்டைப் பதிந்தார், தம்பி படம் பார்த்தான். அண்ணன் ஒரு நாள் அதில் யானைக் கரையைத் திறந்து பார்த்தார். 1366-க்கு 768. யானை தலையிலிருந்து கால் வரைக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து டிசைன் வேலையெல்லாம் சித்தி வீட்டு முக்காலிக்குப் போய்விட்டது. நெட்புக் மறுபடியும் என் பைக்கு வந்தது.

ஒரு வீட்டில் ஒரே ஒரு கணினி இருக்கும்போது அது முக்காலிமேல்தான் உட்காரும். எடை குறைவு என்பதற்காக அந்த வீடு திரையிலோ நினைவகத்திலோ விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நாற்பதடிச் சந்தில் கற்றுக்கொண்டேன்.

2010இல் ஐபேட் வந்தது. தொடுதிரை போன்கள் பெருகின. 2013 பிறப்பதற்குள் ஏசூஸும் ஏசரும் நெட்புக் செய்வதையே நிறுத்திக்கொண்டன. என்னுடையதுக்கு ஆயுள் மிச்சம் இருந்தது. அடியில் இருந்த மூடியின் திருகாணியைக் கழற்றி ஒரு ஜிபி நினைவகத்தை இரண்டாக மாற்றினேன். அதற்கு மேல் அந்தச் சிப் ஏற்காது. பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டதும் லினக்ஸுக்கு மாறினேன். அப்படியே இன்னும் ஐந்து வருஷம் ஓட்டினேன்.

2019இல் அத்திவரதர் எழுந்தருளினார். ஜூலை 1 தொடங்கி 48 நாள். வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வருகிற பெருமாளைப் பார்க்க நாடே திரண்டு வந்தது. ஒரு கோடிப் பேர் வரை வந்து போனார்கள் என்றார்கள். ஊருக்குள் வண்டி விடவில்லை. உள்ளூர்க்காரர்களே நடந்துதான் எங்கும் போக வேண்டும். பத்திரிகைக்கு எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். பையில் தண்ணீர் பாட்டில், துண்டு, நெட்புக். சின்ன காஞ்சிபுரத்துச் சந்து ஒன்றில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை கிடைத்தது. வரிசையில் நின்று களைத்தவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். விழுப்புரத்துக்காரர் ஒருவர், போன தடவை 1979இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லவே தட்டிக்கொண்டேன். வெயிலில் போன் சூடேறி அணைந்துகொண்டிருந்தது. செல்போன் கோபுரங்கள் கூட்டத்தில் திணறி, இணையம் அறவே இல்லை. எழுதியதைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஒரு கிலோ கணினி என்பது யாருக்காகச் செய்யப்பட்டது என்று அந்த 48 நாளில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் இருந்தது. நடக்கிறவனுக்காக, எழுதுகிறவனுக்காக.

அதற்குப் பிறகு அது கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். அதன் சிப் 32 பிட். குரோம் உலாவி அந்த வகை லினக்ஸை 2016லேயே கைவிட்டது. பிறகு உபுண்டுவும் 32 பிட் பதிப்பை நிறுத்தியது. வங்கித் தளம் திறக்காது, மின்னஞ்சல் திறக்க முக்கும். மலிவுக் கணினியின் ஆயுள் திருகாணியிலும் தகட்டிலும் இல்லை, சிப்பை எத்தனை வருஷம் மென்பொருள்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதில் இருக்கிறது. வாங்கும்போதே அடிமட்டச் சிப்பாக வாங்கினால் அந்த நாள் சீக்கிரம் வந்துவிடும்.

நெட்புக் என்ற பெயர் போய்விட்டதே தவிர சரக்கு போகவில்லை. 2023 ஆகஸ்டில் கடைக்கு வந்த ஜியோபுக்கின் அப்போதைய விலை 16,499 ரூபாய், எடை 990 கிராம், 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு. அதே வருஷம் அக்டோபரில் சென்னைக்கு அருகே ஃப்ளெக்ஸ் ஆலையில் எச்.பி. குரோம்புக் செய்ய ஆரம்பித்தது. டெல் 2007இலிருந்தே எங்கள் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் கணினி செய்கிறது. இந்த ஆலைகளில் பெட்டிகளைப் பூட்டுவது பஸ் ஏறிப் போகிற நம் பிள்ளைகள்.

ஆனால் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாதிப் பேர் படிப்பது பி.காம். படிப்போடு டேலி கற்றுக்கொள்வார்கள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் பில்லிங் வேலைக்கும் கணக்கு வேலைக்கும் முதல் கேள்வியே 'டேலி தெரியுமாம்மா?' என்பதுதான். டேலி விண்டோஸில் ஓடுகிற கணக்கு மென்பொருள். ஜியோபுக்கில் இருப்பது அதற்கென்று செய்த ஜியோஓஎஸ், குரோம்புக்கில் குரோம்ஓஎஸ். இரண்டிலும் டேலியை நிறுவ முடியாது. எக்செல்லும் முழுசாக வராது. பாடம் கேட்க, படிக்க, கட்டுரை எழுத அவை நல்ல பெட்டிகள். டேலிக்கு ஆகாது. பாப்பா என்ன படிக்கப்போகிறாள் என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் மகளுக்கு அவள் அப்பா விண்டோஸ் போட்ட சின்ன மடிக்கணினி ஒன்றையே பார்த்து வாங்கினார். 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்; அந்த விலையில் எல்லாருடையதும் ஏறக்குறைய இப்படித்தான். முதல் ஆறு மாதம் பொண்ணு சந்தோஷமாக இருந்தாள். பிறகு விண்டோஸ் அப்டேட் வர வர இடம் சுருங்கியது. டேலியும் எக்செல்லும் வகுப்பு வீடியோவும் ஒன்றாகத் திறந்தால் நின்றுவிடும். என்னிடம் கொண்டுவந்தாள். திருப்பிப் பார்த்தேன். அடியில் மூடியே இல்லை. நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டிப் பற்றவைத்தது, சேமிப்பும் அப்படியே. என் 2009 நெட்புக்கில் ஒரு திருகாணியைக் கழற்றி நான் செய்ததை இதில் யாராலும் செய்ய முடியாது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் அப்பா அந்தப் பணத்துக்காக உட்கார்ந்த தறி, நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தெரியும்.

அதனால் பதினாறு, பதினெட்டாயிரம்தான் கையில் இருக்கிறது, வீட்டில் வேறு கணினி இல்லை என்று வருகிறவர்களிடம் நான் புதுசு பார்க்கச் சொல்வதில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற 14 அங்குல மடிக்கணினிகளைத் துடைத்துச் சரிசெய்து விற்கிற கடைகள் ரிச்சி தெருவில் இருக்கின்றன. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். அதற்குக் கீழே விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்க வேண்டும். பேட்டரி களைத்திருக்கும், மாற்ற ஆகும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். கையெழுத்திட்ட வாரன்டி சீட்டு தராத கடையில் வாங்கக் கூடாது.

2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். பிறகு எல்காட் டெண்டரில் கேட்டதும் இதே 8 ஜிபி, 256 ஜிபிதான். கல்லூரியில் உங்கள் பிள்ளைக்கு அது கிடைக்கிற வாய்ப்பு இருந்தால் அவசரப்பட்டுக் கடன் வாங்காதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

சின்னதை நான் வெறுக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்து, வெளியே எடுத்துப்போய் எழுத, வீடு வீடாகப் போய்ப் பதிய, விடுதியிலிருந்து வகுப்புக்குத் தூக்கிப்போக இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் தாராளமாக வாங்கலாம். இப்போது வருகிற இன்டெல் என்100 சிப் அந்தக் காலத்து ஆட்டத்தைவிட எவ்வளவோ தேவலை. அதிலும் 8 ஜிபி இருப்பதாகப் பாருங்கள். எஸ்எஸ்டி கழற்றி மாட்டக்கூடியதா என்று கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் தெருவில் அப்பாவும் மாமாவும் போய் வாங்கிவந்துவிடுகிறார்கள். தட்டப்போகிறவள் பெட்டியைப் பார்ப்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான். அவள் கடையில் உட்கார்ந்து தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழில் ஒரு தரம் தட்டிப் பார்க்கட்டும். வலது ஓரத்து விசைகளில் விரல் தடுக்கினால் வேறொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.